பச்சை ஸ்பேனர்

1. திருச்செங்கோட்டில் நான் பழுதுபார்க்கும் போர்வெல் வண்டியில் ஒரு போல்ட் தலையின் மூலைகள் பாதி மழுங்கிவிட்டன.
2. இனி லூசான ஸ்பேனர் போட்டால் அது கழலவே கழலாது.
3. சரியானதை வாங்க நாமக்கல் போனால், கடைக்காரர் ‘ஜெர்மனி’ என்று பொறித்த புது ஸ்பேனரைத் தருகிறார்.

புது போல்ட் ஒன்றில் மாட்டிப் பார்க்கிறேன். ஆடுகிறது.

“ஜெர்மனியில இப்படியா செய்வாங்க?”

“பேரு போட்டிருக்குதுங்களே சாமி!”

அவர் மேசையில் அதே அளவில், பச்சை பெயின்ட் அடித்த பழைய ஸ்பேனர் கிடக்கிறது. திருட்டுக்குப் பயந்து வண்டிக்காரர்கள் இப்படி நிறம் அடிப்பார்கள். அதை மாட்டுகிறேன், துளியும் ஆடவில்லை.

“இதுதான் ஒரிஜினல். இதைக் கொடுங்க.”

“அது என்ர சொந்தமுங்க. விக்கறதில்ல.”

“சாயங்காலம் வரைக்கும் இரவலா?”

என்னை மேலும் கீழும் பார்க்கிறார். “அது போற எடத்துக்கு நானும் வாரேனுங்க.”

இப்போது என் காரின் பின்சீட்டில், ஸ்பேனரை மடியில் வைத்தபடி அவர் இருக்கிறார். போல்ட் இன்னும் கழலவில்லை.