புங்கமரத்துக்குக் கிழக்கே மூன்றாவது

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு இப்போது ஜன்னல்கூட இல்லை. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி வேலி. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் நனைத்த கரையை இன்றைக்கு எட்டித்தான் பார்க்கலாம். சாலையோர மரங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். இந்த வருஷமும் ஆட்டோவில் இதையெல்லாம் சொல்லிப் பொரிந்துகொண்டே வந்தேன். மடியில் சாமந்தி மாலையும் மெழுகுவத்திப் பொட்டலமுமாக இருந்த அம்மா, கரையான்சாவடி தாண்டும்வரை மாலை நசுங்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான். அப்பாவைப் புதைத்த அதே குழியில் தன்னையும் வைக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். கல்லில் கணவர் பெயரை வெட்டும்போதே கீழே மனைவிக்கும் இடம் விட்டுவிடுவார்கள். அப்பாவுக்குக் கல் கிடையாது. வைத்த மரச்சிலுவையையும் கரையான் தின்றுவிட்டது. புங்கமரத்துக்குக் கிழக்கே மூன்றாவது மேடு, அவ்வளவுதான் அடையாளம்.

போய்ப் பார்த்தால் மரத்தைக் காணோம். அடிக்கட்டைகூட இல்லை. அந்தப் பக்கம் முழுக்க சிமெண்ட் கல் பதித்த பாதை. பாதைக்கு அப்பால் மழையில் அமுங்கிய மேடுகள், எல்லாம் ஒரே மாதிரி.

கல்லறையைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு, யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கத்தினேன். சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "வேரு காம்பவுண்டு சொவத்த ஒடச்சிகினு இருந்துச்சிம்மா. மேல சொன்னாங்க, வெட்டுனோம். கல்லு வெச்ச ஊட்டுக்காரங்க எல்லாம் வந்து மாலை போட்டுகினுதான கீறாங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மரத்தைக் கொன்றுவிட்டு வியாக்கியானம் வேறு. புகார் எழுதுவேன், ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன் என்று எகிறினேன். சுற்றி மாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அவர எதுக்கு வையுத? கல்லு வைக்கணும்னு நான் எத்தன தடவ சொன்னேன். அப்பா மேல சிமெண்டக் கொட்ட விடமாட்டேன், மரம் இருக்கு, அது போதும்னு சொன்னது யாரு?"

நான்தான். ஒவ்வொரு வருஷமும், இதே இடத்தில் நின்று, பெரிய இயற்கைக் காவலர் மாதிரி. கல்லில் தனக்கும் ஓர் இடம் இருக்கும் என்றுதான் அம்மா கேட்டிருக்கிறாள். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இப்போது கோபம் முழுவதும் திரும்பி என்மேலேயே வந்து நின்றது. அதை வைத்து நான் யாரிடம் போய்க் கத்துவது?

அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தாள்.

"சரி. எது அப்பான்னு காட்டு, ஏத்துதேன்" என்றாள்.