லுசாக்காவில் வாங்கிய தகரப்பேணி

1984 தை, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் ஆறு பேர் சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் இறங்கினோம். நான் கொக்குவில், இன்னும் நாலு பேர் அயலூர்ச் சைவர்கள். ஆறாவது ஆள் சேவியர், குருநகர் மீன்பிடிக் குடும்பம், எங்கள் எல்லாரையும்விட அதிகம் படித்தவர். நியமனக் கடிதம் கிடைக்கும்வரை ஒரு கிழமை அரசாங்க விடுதியில் தங்கல்.

செவ்வாய், பத்து மணி. எங்களுக்கு விட்ட சாம்பியச் சாரதி பண்டா, கெய்ரோ வீதியில் ஒரு இறைச்சிக்கடையைக் காட்டினார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கறுப்பர் உள்ளே போகமுடியாதாம். சுவரிலிருந்த ஓட்டையால்தான் கொடுப்பார்களாம்.

"சீ, உவங்களும் மனிசரே!" என்று எங்கள் ஆட்களிடம் பொரிந்து தள்ளினேன்.

அரை மணி கழித்துச் சந்தை. தக்காளியை நிறுப்பதில்லை, குவியல் ஐம்பது நுவே, அதாவது அந்நாட்டுக் காசில் அரைக் குவாச்சா. தேத்தண்ணிக்குப் பாத்திரம் வாங்கும் பொறுப்பு எனக்கு. ஐந்து பீங்கான் கோப்பையும் ஒரு தகரப்பேணியும் வாங்கினேன். பேணி சேவியருக்கு. ஊரில் எங்கள் வீட்டில் அவருடைய சாதி ஆட்களுக்கு அப்படித்தான் கொடுப்போம். ஒருவரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. சேவியரும் அதை வாங்கிக் குடித்தார்.

வியாழன் பின்னேரம் நல்ல மழை. பண்டாவுக்கு என் கோப்பையிலேயே தேத்தண்ணி கொடுத்தேன்.

"இவருக்கு மட்டும் ஏன் தகரம்?" என்று கேட்டார் பண்டா.

சேவியர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்குச் சயரோகம் இருந்தது. தொற்றக்கூடாதென்று நானேதான் வேறாக வைத்திருக்கிறேன்."

நல்ல டாக்குத்தரிடம் காட்டுவார்களென்று நினைத்துப் பண்டா அதைக் கல்விக் கந்தோரில் சொல்லிவிட்டார். வெள்ளி காலை உத்தரவு வந்தது: நெஞ்சுப் படம் எடுத்து முடிவு வரும்வரை சேவியருக்கு நியமனமில்லை.

"நான் போய் உண்மையைச் சொல்லுறன், சேவியர்."

"சொல்லுங்கோ மாஸ்டர். சுவரிலை ஓட்டை வைச்ச கதை கேட்டனாங்கள்தானே. நாங்களும் உதைத்தான் செய்யிறமெண்டு தெரிஞ்சால் எங்கள் ஆறு பேரையும் ஆர் வகுப்புக்குள்ளை விடுவினம்?"

நான் போகவில்லை. அவருக்காக என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பொய், என் வேலைக்காகத்தான்.

திங்கள், காலை ஏழு மணி. கையில் நியமனக் கடிதத்தோடு, எனக்குப் பள்ளி கிடைத்த கப்வே ஊருக்குப் போகும் பஸ்ஸடியில் நின்றேன். பண்டா என் பெட்டியை மேலே ஏற்றினார்.

"நண்பரை நினைத்துக் கவலைப்படாதீர்கள். முடிவு வரும்வரை என் வீட்டில் இருக்கட்டும்."

"வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே?"

"ஐந்து பேர். நாங்கள் எல்லாரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவோம். அவரும் அதிலேயே சாப்பிடுவார்."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.