முகிலைத் திருப்பிக் கொடுக்கப் போன வார இறுதி

போன ஒக்டோபர் மாத நீண்ட வார இறுதியில் நானும் கணவர் யோகனும் மொன்றியலிலிருந்து லாக்-செயின்ட்-ஜான் ஏரிப் பக்கம் காரில் போய் வந்தோம். அந்த நாட்களில் அந்தப் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் இலைகளின் நிறம் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் போனது எங்கள் நாயைத் திருப்பிக் கொடுப்பதற்கு.

நாயின் பெயர் முகில். ஃபின்னிஷ் லாப்ஹுண்ட் என்ற இனம். ஐரோப்பாவின் வடகோடியில் பனிமான் மந்தைகளை மேய்க்க வளர்த்த நாய்கள் இவை. நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால், கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டதுபோல அடர்ந்த மயிர். வீட்டில் எல்லோரோடும் ஒட்டிக்கொள்ளும். காவலுக்கு உதவாது, கள்ளன் வந்தாலும் வாலை ஆட்டும். ஆனால் குரைக்கும். நன்றாகவே குரைக்கும்.

நாங்கள் அப்போது மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் இரண்டாம் மாடியில் இருந்தோம். யோகனுக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை, எனக்குக் கார்டெரியில், அதாவது பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. காலையில் இருவரும் கதவைச் சாத்தினால் முகில் தொடங்கிவிடும். கீழ் வீட்டில் மட்டக்களப்பைச் சேர்ந்த வசந்தி அக்கா. கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரியொன்றில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குபவர். ஒரு நாள் மேலே வந்தார்.

“தங்கச்சி, உங்கட நாயில எனக்குக் கோபம் இல்ல. ஆனா பகல்ல நித்திரை இல்லாம ராவைக்குப் போய் நோயாளரத் தூக்க ஏலாம கிடக்கு. நான் வீட்டுக்காரனுக்குச் சொல்லிட்டன்.”

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் நாயை அனுப்ப மாத முடிவுவரை அவகாசம் தந்தார். முகிலை எங்களுக்குத் தந்த மரீஸ், வாங்கிய அன்றே சொல்லியிருந்தார்: வைத்திருக்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், என்னிடமே கொண்டு வாருங்கள் என்று.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கியூபெக் நகரம்வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நேரான பெருந்தெரு. அதற்குப் பிறகு 175ஆம் பாதை வடக்கே காட்டுக்குள் ஏறுகிறது. பெற்றோலை நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நெடுந்தூரத்துக்குக் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காது. மூஸ் மான்கள் தெருவைக் கடக்கும், ஆகவே இருட்டுக்கு முன் தாண்டிவிடுவது நல்லது. மேலே பனி தூறிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் முகில் எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. பிறகு 169ஆம் பாதையில் இறங்கி, மொத்தம் 470 கிலோமீற்றர் ஓடி, ஒரு மணியளவில் மரீஸின் பண்ணையை அடைந்தோம்.

மரீஸுக்கு ஐம்பது வயது இருக்கும். செம்மறிகளும் ஏழெட்டு லாப்ஹுண்டுகளும் வைத்திருக்கிறார். யோகனின் பிரெஞ்சு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’யோடு நின்றுவிடும் என்பதால் நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகிலின் பல்லையும் பாதத்தையும் பார்த்தார். காதுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, “இங்கே சடை பிடித்திருக்கிறது. வாரத்தில் இரண்டு தடவை அடிமயிர்வரை சீவ வேண்டும்” என்றார்.

சாப்பாட்டுப் பாத்திரம், போர்வை எல்லாம் காரில் இருந்தன. எடுத்து வர யோகன் போனார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எதிர்ப்பக்கம் வேலியை நோக்கி நடந்தேன். அப்போதுதான் அது நடந்தது. செம்மறிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற முகில் அவற்றை விட்டுவிட்டு யோகனிடம் ஓடியது, அவரைச் சுற்றிக் குரைத்தது. அங்கிருந்து பாய்ந்து என்னிடம் வந்து, எனக்கு முன்னால் குறுக்கே நின்று குரைத்தது. திரும்பவும் அவரிடம். நான் அவர் பக்கம் நாலு அடி வைத்ததும் சத்தம் குறைந்தது. இருவரும் ஒரே இடத்துக்கு வந்ததும் புல்லில் படுத்துக்கொண்டது.

மரீஸ் சிரித்தார். “உங்களைத்தான் மேய்க்கிறான். மந்தை பிரிந்தால் கூப்பிட்டுச் சேர்ப்பது அவன் வேலை. உங்கள் வீட்டில் தினமும் காலையில் மந்தை காணாமல் போகிறது. மாலைவரை கூப்பிடுகிறான்.”

நான் தமிழில் சொன்னேன். யோகன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“என்னப்பா, சாமானைக் குடுங்கோவன்.”

“பொறும். வேலையில பின்னேர ஷிப்ட்டுக்கு ஆள் தேடுகினம். நான் மாறினால் இவன் தனிய இருக்கிறது ரெண்டு மணித்தியாலம்தான். நீர் வந்திடுவீர்.”

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் எப்ப சந்திக்கிறது?”

“சனி, ஞாயிறு. மிச்ச நாள் காலமை தேத்தண்ணி குடிக்கேக்க.” பிறகு மெல்லச் சொன்னார்: “இவனை விட்டிட்டு வெறும் காரோட திரும்பிப் போக என்னால ஏலாது.”

நாய் வேண்டும் என்று நின்றவள் நான். அவர் அதுவரை முகிலைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. எனக்கு மறுபடி அழுகை வந்தது. மரீஸ் உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி தந்தார்.

அன்றிரவு நாய்களை அனுமதிக்கும் மோட்டல் ஒன்றில் தங்கினோம். 120 டொலர், நாய்க்கு 20. ஞாயிறு முழுவதும் மரீஸிடம் கற்றுக்கொண்டோம். குரைக்கும்போது நாம் கத்தி அடக்கக் கூடாது. நீங்களும் சேர்ந்து குரைப்பதாக நினைக்கும். குரைத்து நிறுத்திய கணத்தில் ‘போதும்’ என்று சொல்லித் தீனி கொடுக்க வேண்டும். வெளியே போகுமுன் நீண்ட நடை, பிறகு தேடித் தின்ன ஒளித்து வைத்த உணவு. கோடையில் பாவம் என்று மயிரை மழிக்கவே கூடாது; அந்த இரட்டை மயிர்தான் வெயிலையும் தடுக்கிறது. மொன்றியலின் ஜூலை வெக்கையில் விடியவே நடத்திவிட்டுப் பகலில் குளிர்ந்த தரையில் விட வேண்டும். பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பைப் பாதத்திலிருந்து கழுவ வேண்டும். குட்டி வாங்குவோர் அதன் தாய் தந்தைக்குக் கண் பரிசோதனை செய்ததா என்று கேட்க வேண்டும். இந்த இனத்தில் பரம்பரைக் கண்நோய் உண்டு.

திங்கள் திரும்பினோம். வசந்தி அக்காவிடம் போய் யோகனின் வேலை நேரம் மாறுவதைச் சொன்னேன். “பார்ப்பம்” என்றார்; வீட்டுக்காரரையும் பொறுக்கச் சொன்னார். குரைப்பு பாதிக்கு மேல் குறைந்தது; முழுதாக நிற்கவில்லை. அந்த மிச்சமும் கெடுப்பது அவருடைய தூக்கத்தைத்தானே. அடுத்த கோடையில் நாங்களே செயின்ட்-மிஷேலில் சிறு முற்றம் உள்ள கீழ்வீடு பார்த்து மாறினோம். கணவரைக் கிழமை நாட்களில் அரைகுறையாகத்தான் பார்க்கிறேன். அது லேசாக இல்லை.

அந்தப் பக்கம் போவதென்றால் செப்டெம்பர் கடைசியே நல்லது. ஒக்டோபரில் போனால் பனிக்கால டயரோடு போங்கள். இந்த நாயை வாங்கப் போவதென்றால், விலை விசாரிக்கும் முன் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் யோகன் இருக்கிறார். சோறு வடித்துவிட்டு, சோபாவுக்குக் கீழே தரையில் கால் நீட்டி, முகிலைச் சீவ மடியில் ஒரு சீப்போடு.