படத்தில் நான் எங்கே?

என் அத்தை மனிதர்களைப் படம் பிடிக்க மாட்டாள். மலை, பாறை, சேறு, தண்ணீர் இவைதான் அவளுக்கு வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கைவலி என்று சொல்லிவிடுவாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்குத் தங்கையின் இந்தப் போக்கு பெரிய பேஜாராக இருந்தது. விழுப்புரத்தில் நடக்கவிருந்த புகைப்படப் போட்டிதான் கடைசி, பரிசு வராவிட்டால் கேமராவை விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட அத்தை, இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னைப் படத்தில் வந்து நிற்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்பாவாடை கட்டி, அரை டப்பா பவுடரை அப்பிக்கொண்டு கிளம்பினேன். பெருமுக்கல் மலையடியில் ஒரு பாறைமேல் நிறுத்தினாள். மறுநாள் மரக்காணத்துக் கழியில், கடல்தண்ணீர் வடிந்துபோன சேற்றில் நிறுத்தினாள். இரண்டிடத்திலும் கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்தேன். அவளோ எங்கோ கண்காணாத தூரத்துக்குப் போய், "நவுராத" என்று கத்தினாள். தண்ணீர் திரும்ப ஏறிப் பாவாடை நனைந்தபோதுகூட நான் சிரிப்பை விடவில்லை.

வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. என்னைப் படத்தில் பார்க்கவே திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அப்பாவின் ஆட்டோவில் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் நெருக்கியடித்து வந்தார்கள். போட்டி நடந்த கூடத்தில் மலைப் படமும் கழிப் படமும் அக்கம்பக்கமாகப் பலகையில் ஒட்டியிருந்தன.

"பொண்ணு எங்க கீது?" என்றாள் பெரியம்மா.

அத்தை விரல் வைத்துக் காட்டினாள். மலையடியில் ஒரு எறும்பு. சேற்றில் இன்னொரு எறும்பு. பெரியம்மா அழுக்கென்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

"அளவு தெரியட்டும்னு நிக்க வெச்சேங்க" என்றாள் அத்தை மெதுவாக.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனதும் அத்தையின் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இரண்டு படங்களிலும் பெரிய அம்புக்குறி போட்டு, 'இது நான்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அந்த இரண்டு படங்களையும் போட்டியிலிருந்து தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதுகில் அடி விழும் என்று காத்திருந்தேன். டீ குடித்துவிட்டு வந்த அப்பா அம்புக்குறியைப் பார்த்துக் குனிந்தார். என்னைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து அவர் பார்வை பாறைமேல் ஏறி, கழுத்து நிமிரும்வரை ஏறிக்கொண்டே போனது. பிறகு கழிக்கு வந்து, கரை எங்கே என்று தேடினார்.

"தெனம் இந்த ரூட்டுலதான ஓட்டிக்கினு போறேன். இம்மாம் பெருசா இது?" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பின்னால் நின்ற அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் பாழானதற்கு அழுகிறாள் என்று நினைத்து, இனி பேனாவையே தொடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அவள் இன்னும் அழுதாள்.

கேமராவை விற்கும் பேச்சை அப்பா அதன்பிறகு எடுக்கவே இல்லை. நான் செய்த அட்டகாசத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.