தேர் இழுத்த வடம்

போன வாரம், மொட்டை மாடியை உரசிக்கொண்டிருந்த வேப்பங்கிளையை வெட்ட ஆள் தேடினேன். ஆள் எதற்கு, நானே ஏறுகிறேன் என்று மகன் பரணில் கிடந்த பழைய தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துப் போட்டான். மக்கிய நாரின் வாடை எழும்பியதுதான் தாமதம், அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டேன். கல்லூரி முடித்த பிள்ளை, பக்கத்து வீட்டார் பார்க்க வசவு வாங்கினான். "ஒரு கயித்துக்கா இந்தக் கத்துக் கத்துதாவ?" என்று அவன் அம்மாவிடம் கேட்டான். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பி.காம். முடித்துவிட்டுக் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெண் பார்க்கப் போன இடத்தில் 'பையன் ஆபீஸ்ல இருக்கான்' என்று சொல்ல அது ரொம்ப வசதியாக இருந்தது. காய்ச்சிய மைதாப் பசையும் மருந்தும் கலந்த வாடை மட்டும் எத்தனை குளித்தாலும் போகாது. கரிசல் காட்டில் பெரிய மரம் அபூர்வம். எங்கள் ஆபீஸ் வளாகத்தில் ஒரு புளியமரம் நின்றது. பெண்கள் மதியம் தூக்குவாளியைத் திறப்பது அதன் நிழலில்தான்.

அதன் தடித்த கொம்பு ஒன்று, குச்சி அடுக்கும் கொட்டகையின் ஓட்டின்மேல் இறங்கிவிட்டது. வெட்ட வந்தவன் மாடசாமி, என் வயசுக்காரன். அவன் மனைவி பேச்சி எங்களிடம், மருந்தில் முக்குவதற்காக மரச் சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள்.

அப்படியே அறுத்து விட்டால் ஓடு நொறுங்கும். அதனால் மேல் கவட்டை வழியாகக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைக் கொம்பில் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரம்பத்தை முதலில் கொம்பின் அடிப்பக்கம் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பிறகு மேலிருந்து அறுப்பான். இல்லையென்றால் பட்டை உரிந்து கொம்பு அவன் மேலேயே பாயும். அறுந்த கொம்பு தொங்கும்போது கீழே நிற்கிறவர்கள் சுற்றைத் தளர்த்தித் தளர்த்தி இறக்குவார்கள். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும், கையைச் சுடும் என்பான். புது நார்வடம் கேட்டிருந்தான்.

முதலாளி கோயில் கமிட்டியில் இருந்தவர். அம்மன் கோயிலின் சின்னத் தேருக்குப் புது வடம் வந்த பிறகு மண்டபத்து மூலையில் கிடந்த பழையதைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் தலையில் சுமந்து வந்தார்கள். பெண்கள் எழுந்து தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு வந்ததெல்லாம் வவ்வால் மூத்திர வாடையும், வருஷம் வருஷமாக அதன்மேல் கொட்டிய தேங்காய்த்தண்ணீர் புளித்த வாடையும்தான். மூக்கைப் பொத்தினால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று பசைச்சட்டிப் பக்கம் ஒதுங்கினேன்.

எந்தக் கயிற்றையும் மாடசாமி முதலில் முறுக்கு அவிழ்த்துப் புரிகளுக்கு உள்ளே பார்ப்பான். பிறகு கிளையில் போட்டு இரண்டு பேரைத் தொங்கச் சொல்வான். அன்றும் குத்தவைத்து வடத்தை மடியில் எடுத்தான்.

"மொதலாளி, ஒரு புரியை மட்டும் பிரிச்சுப் பாத்துக்கிடுதேன்."

"ஏலே, தேரை இழுத்த வடம்லா. அம்மனையே சோதிச்சுப் பாப்பியோ?"

நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். மாடசாமி வடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் நின்று நான் வேடிக்கை பார்த்தேன். பாதி மரத்திலிருந்து திரும்பி, "அண்ணாச்சி, மொதல்ல அந்த ஸ்டூல்ல இருந்து எறங்குங்க. பாக்க எனக்குப் பயமா இருக்கு" என்றான். எல்லோரையும்விட பேச்சிதான் சத்தமாகச் சிரித்தாள்.

கொம்பு முறிந்து ஒரு கணம் வடத்தில் தொங்கியது. பிறகு வடம், ஊறிய துணி கிழிகிற மாதிரி, பெரிய சத்தம்கூட இல்லாமல் அறுந்தது. கொம்பு ஓட்டில் விழ, அதன் அடி எகிறி மாடசாமியின் இடுப்பில் அடித்தது. அவனும் விழுந்தான்.

அறுந்த முனை என் காலடியில் கிடந்தது. மேலே மஞ்சளும் குங்குமமும். உள்ளே நாரே இல்லை. சாம்பல் நிறத் தூள், எலிப்புழுக்கை, நெளிகிற வெள்ளைப் புழு.

ஆனால் புழு அதோடு நிற்கவில்லை. அவனை வண்டியில் ஏற்றும் முன்னாலேயே முதலாளி சொல்லிவிட்டார்: காலையில் கருவாடு தின்றுவிட்டு அம்மன் வடத்தில் கை வைத்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் ஊரே அதைப் பார்த்த மாதிரி பேசியது. உள்ளே இருந்த தூளைப் பற்றி நான் சொன்னபோது, படித்த பையன்களே இப்படித்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பேச்சி, "வீட்டுல கம்மங்கூழைத் தவிர ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. கருவாட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றாள். வேறு யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, அவளைக் கூப்பிட்டு, அறுந்த வடத்துக்குப் பால் ஊற்றி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். புருஷன் இடுப்பு நொறுங்கிக் கிடக்க, அவள் அந்தத் தூளின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். முடிந்ததும் ஆபீஸில் எல்லோருக்கும் கடம்பூர்ப் போளி. நெய் வழியும் விரல்களை அவர்கள் நக்கியதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் போளி ஆகாது.

அந்த ஆபீஸ் இன்று இல்லை. மரம் நின்ற இடத்தில் கல்யாண மண்டபம். தேரை இரும்புச் சங்கிலி போட்டு இழுக்கிறார்கள். பேச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் போன பிறகு ஒருநாள் மாடசாமியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், கம்பு ஊன்றி நின்றான். அன்றைக்கு நீ கூழ்தானே குடித்திருந்தாய் என்றேன், அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"இல்ல அண்ணாச்சி, கருவாடுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த உப்புக்கூட இன்னும் நாக்குல நிக்குது."

அந்தக் கம்மங்கூழ் இப்போது என் ஒருவன் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.