வெள்ளைக் குதிரையின் பின்னங்கால்

வளைகுடாவில் பத்தொன்பது வருடம் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தேன். லத்தி அள்ளுவதில் தொடங்கி, கடைசி ஏழெட்டு வருடங்களில் மிரண்ட குதிரைகளைப் பழக்குகிற ஆட்களில் ஒருவனாக ஆகியிருந்தேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வெளிநாடு போனவர்கள் கடை, கிடங்கு, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். முதல் வருடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அந்தப் பொய்யே பழகிவிட்டது.

முழங்கால் தேய்ந்துபோய் ஊர் திரும்பினேன். அதிராம்பட்டினத்துக்கு மேற்கே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. புயலில் பாதி மரம் போய்விட்டது. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதால் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். காலையில் தோப்பு, மதியம் தூக்கம், அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடி தோப்பு என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஊரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு என்ன தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள்?

அப்போதுதான் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய தம்பி என்னோடு லாயத்தில் இருந்தவர்.

"பாய், ஒரு பொட்டக் குதிரை இருக்கு. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க. ஆளையே கிட்ட சேக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக் குதிரை. நான் வாசலில் கால் வைத்ததும் அதன் தோல் முழுவதும் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. மூக்கின் மேல் தலைக்கயிறு அறுத்த தழும்பு கறுப்பாக இருந்தது. திருவிடைமருதூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் யாரோ சரவெடியை அதன் வயிற்றுக்கடியில் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டு ஓடி, நின்றுகொண்டிருந்த வேனில் மோதி விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். பயத்தை எடுக்கிறோம் என்று சொல்லி, இரண்டு நாள் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, காதருகில் தகரத்தைத் தட்டித் தட்டி அடித்திருக்கிறார்கள். குதிரைக்காரர் எதையும் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

நான் இரக்கப்பட்டு அதை வாங்கி வந்தேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அதை ஒருவராவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

லாரியிலிருந்து இறக்கிய அன்று மனைவி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். குதிரை தோப்பின் கோடிக்கு ஓடி நின்றது. நான் அதன் பின்னால் போகவில்லை. அது பார்க்கிற இடத்தில் தண்ணீர் வாளியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அங்கதான்."

"ஸ்டோரு?"

"ஸ்டோரெல்லாம் இல்ல. லாயம்."

"பத்தொன்பது வருசமும்?"

"ம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கினேன். வேலை என்றால் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. அடிக்க வருகிறவர்கள்தான் நேரே பார்த்துக்கொண்டு வருவார்கள். தினமும் அதே நேரம், அதே சட்டை. முதல் நாள் செய்தித்தாள் கொண்டுபோனேன். தாள் சரசரத்ததற்கே அது பத்தடி துள்ளியது. மறுநாளிலிருந்து வெறுங்கையோடு போனேன்.

மூன்றாவது வாரம் எழுந்து நடக்கத் தொடங்கினேன். நேராகப் போகாமல், அதன் தோளைப் பார்த்துச் சாய்வாக நான்கு அடி வைப்பேன். உடம்பு விறைத்தால் அங்கேயே நிற்பேன். அது மூச்சை விட்டு, தலையைத் தாழ்த்தி, வெறும் வாயை மென்றால் உடனே பின்வாங்கிப் போய்விடுவேன். நான் விலகிப் போவதுதான் அதற்குக் கொடுக்கிற வெகுமதி. 'நீ வேண்டாம் என்றால் நான் வர மாட்டேன்' என்பதை அது நம்ப வேண்டும். அதை நம்பிய பிறகுதான் கிட்ட வருவது பற்றி யோசிக்கும். இதற்குக் கணக்கு கிடையாது. சில நாள் நான்கடி. சில நாள் முந்தைய நாளைவிடப் பின்னால் போயிருக்கும்.

எனக்குக் குதிரையிடம் பேசத் தெரிந்தது அரபியில்தான். "தஆல், தஆல்" என்று மெதுவாகக் கூப்பிடுவேன். மனைவிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு. "கும்பகோணத்துக் குதிரைக்கு அரபு பாஷை எப்புடிங்க புரியும்?" என்பாள். அவள் தவிட்டை நனைத்துக்கொண்டு வந்து வேலியோரம் வைத்துவிட்டு, "வாடி வெள்ளை, வா" என்பாள். அந்த மாதங்களில் நாங்கள் நிறையப் பேசிக்கொண்டோம். லாயத்தில் என்னோடு இருந்தவர்கள், கோடையில் குதிரைகளைக் குளிப்பாட்டுவது, ஒரு குட்டி என் மடியில் தலை வைத்துச் செத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது வருடம் போனில் பேசியதைவிட அதிகம்.

ஆறாவது மாதம் ஒரு நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. நான் அசையவில்லை. அதன் உதடு என் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தது. வேலிக்கு வெளியே மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. கழுத்தடியில் சொறியவிட்டது. தலைக்கயிற்றைக் காட்டினால் தானே மூக்கை உள்ளே விட்டது. கயிறு பிடிக்காமலே என் பின்னால் தோப்பு முழுவதும் நடந்தது. விஷயம் ஊருக்குத் தெரிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனைவியின் அண்ணன், என் மச்சான், தன் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்தார். நான் "தஆல்" என்பேன். தோப்பின் கோடியிலிருந்து அது தலையை ஆட்டிக்கொண்டு வரும். "என்னா பாய், மந்திரம் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

அந்த நாட்களில் நான் கற்றுக்கொடுக்க வேண்டியது வேறு. பின்னங்காலைத் தொட விடுவதற்கு அதைப் பழக்கியிருக்க வேண்டும். அதுதான் கடைசி, அதுதான் கடினம். பயந்த குதிரை பின்காலை யாரிடமும் கொடுக்காது. தொடையிலிருந்து கீழே கையைக் கொண்டுபோகவே மாதக்கணக்காகும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன்.

ஐப்பசி மழையில் வேலி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த முள்கம்பியில் அதன் பின்னங்கால் மாட்டிக் கிழிந்திருக்கிறது. குளம்புக்கு மேலே, சேறு அப்பியிருந்த இடத்தில். நான் கவனிக்கவில்லை. கால் ஊன்ற மறுத்த பிறகுதான் பார்த்தேன். புழு வைத்திருந்தது. கிட்டப் போய்க் குனிந்தால் நகர்ந்துகொண்டது.

பக்கத்து ஊரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். நல்ல மனிதர். குடையோடு தள்ளி நின்று பார்த்தார்.

"மயக்க ஊசி கையில இல்லீங்க. தஞ்சாவூர்லேருந்து வரணும். மழை இப்புடி ஊத்துது, நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்கலாம். புழு மூட்டுக்குள்ள போயிடுச்சுன்னா அப்பறம் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. இல்லைன்னா மாட்டுக்கு லாடம் அடிக்கறவங்க இருக்காங்க, கயிறு போட்டுச் சாய்ச்சுட்டா இப்பவே முடிச்சுரலாம். நீங்கதான் சொல்லணும்."

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு நாள்தானேங்க. பொறுத்துக்குவோம்."

"காலு போயிட்டா?"

"உங்களை நம்பி வருதுங்க அது. கயிறு போட்டா தாங்காது."

"குதிரையைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராதே" என்றேன். மருத்துவர் காதில் விழும்படி சொன்னேன். அவள் தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு பம்ப்செட் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

லாடம் அடிக்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்திருக்கச் சொன்னேன். பிறகு மழையில் நின்று "தஆல்" என்று கூப்பிட்டேன்.

வந்தது. மூன்று காலில் நொண்டி நொண்டி, சேற்றில் வழுக்கி, நின்று நின்று வந்தது. வந்து என் தோளில் நெற்றியை வைத்தது. தலைக்கயிற்றை மாட்டினேன். வழக்கம்போலத் தானே மூக்கைக் கொடுத்தது. நான் கையைத் தூக்கி ஆட்களுக்குச் சைகை காட்டினேன்.

விழுந்தபோது நிலம் அதிர்ந்தது. கால்களைச் சேர்த்துக் கட்டினார்கள். குதிரை எழாமல் இருக்க ஒருவர் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்ற வேண்டும். அது என் வேலை. அதன் கண் எனக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கண்ணில் மழை விழுந்தும் அது மூடவில்லை. அதிக நேரம் திமிறவும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே உடம்பை விட்டுவிட்டது. லாடக்காரர் ஒருவர், "நல்ல குதிரைங்க, அடங்கிருச்சு" என்றார். அது அடக்கமில்லை என்று எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் கம்பத்தோடு கட்டிக் கிடந்த அந்த இரண்டு நாளில் குதிரை கற்றுக்கொண்டது அது.

மருத்துவர் இடுக்கியால் புழுக்களை எடுத்தார், கழுவினார், மருந்து வைத்துக் கட்டினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கயிறுகளை எல்லாம் அவிழ்த்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. கட்டு அவிழ்ந்துவிட்டது என்பதே தெரியாமல் கிடந்தது.

"நெனச்ச அளவுக்கு ஆழமில்லீங்க. மூட்டுக்குக் கிட்டயே போகல" என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். மறுநாள் மதியம், அவர் சொன்ன நேரத்துக்கே, மயக்க ஊசி வந்து சேர்ந்தது.

காயத்தின் கட்டை மாற்ற மயக்க மருந்து தேவைப்பட்டது. இப்போது ஊசி போடக் கிட்டப் போக முடியாததால் மருத்துவர் மாத்திரை வரவழைத்துக் கொடுத்தார். அதைத் தவிட்டில் கலந்து வைத்தோம். தின்றுவிட்டு நின்றபடியே தள்ளாடியது. அந்த நேரத்தில் கட்டு மாற்றினோம். நான்காவது தடவை தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாத்திரை இல்லாத தவிடு வைத்தோம். அதையும் தொடவில்லை. மனைவி தன் கையால் வைத்த எதையும் தின்னவில்லை. அவள் செய்யாத குற்றத்துக்கு அவளுக்கும் தண்டனை.

கால் ஆறிவிட்டது. நன்றாக ஓடுகிறது. என்னிடமிருந்து விலகி ஓடும்போது பார்த்தால் தெரிகிறது.

மறுபடி தொடங்கினேன். அதே நேரம், அதே சட்டை. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது. முதல் தடவை அது மூலையில் நின்றாலும் ஒரு காது என் பக்கம் திரும்பியிருக்கும். பயம் என்றாலும் அதில் ஒரு கவனம் இருந்தது. இப்போது காதும் திரும்புவதில்லை. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட குதிரையோடு என்ன செய்வது என்று எனக்கு லாயத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஊர் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. மச்சான் மட்டும் ஒரு தடவை வந்து, கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. அந்த வார்த்தையை அந்தத் தோப்பில் சொல்லவே எனக்கு வாய் எழவில்லை.

கோடையில் புல் காய்ந்தது. தவிடு தின்னாது, கொள்ளு தின்னாது. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. குளம்பைச் செதுக்க யாராலும் முடியாமல் வளர்ந்து பிளந்திருந்தது. மனைவி வாய்க்கால் கரையில் அருகம்புல் அறுத்து வந்து, குவித்து வைத்தால் சந்தேகப்படும் என்று, வேலியோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிப் போட்டாள். அந்த மழை நாளைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க நான் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குதிரைக்குத் தண்ணீர் வைத்தாயா என்றுதான் கேட்டேன்.

போன வாரம் இருவரும் பம்ப்செட் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

"அங்க லாயத்துல இப்படி ஒண்ணு வந்தா என்னங்க செய்வாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் காலையில போனா அது நின்ன அறை கழுவிக் காலியா இருக்கும். நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

அவள் வெகுநேரம் குதிரை நின்ற பக்கத்தையே பார்த்தாள்.

"நாம அப்படிச் செய்ய வேணாம்."

"செய்யல."

"ஆனா இது பொழைக்காதுங்க."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் எழுந்து, சாக்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். கரையிலும் பச்சை அதிகம் மிச்சமில்லை.