முருகேஸ்வரி போட்ட சடை

முருகேஸ்வரியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பூம்பாறையைக் கீழே பார்க்கிற ரோட்டு வளைவில் அவளுடைய பூண்டுக் கடையும் என் சோளக் கடையும் பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கொஞ்சம் என் வாயாலும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் பேச்சுக்காரி. காரை விட்டு இறங்குகிறவர் ஒரு இருமல் இருமினால் போதும். "அண்ணே, நாலு பல்லைச் சுட்டுத் தேன்ல நசுக்கித் தின்னு பாருங்க, தொண்டை தொறந்துரும். மலைப்பூண்டுங்க இது. என் மகளுக்கே நான் இதத்தான் குடுக்கேன்" என்று பிடித்துக்கொள்வாள். வாங்காமல் தப்பித்தவர் குறைவு. "உன் புருசன் அழகுமலை வயல்ல வெளைய வைக்கிறதுக்கு முன்னாடியே நீ வித்துருவ போலயே" என்று நான் கேலி பண்ணுவேன். ஆனால் அவள் சொன்னதில் பொய் கிடையாது. அந்தப் பூண்டின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மகள் சுபஸ்ரீக்கு அப்போது எட்டு வயசு. பள்ளிக்கூட வேன் எட்டே காலுக்கு எங்கள் கடை முன்னால்தான் நிற்கும். அதற்குள் பிள்ளையை என் முக்காலியில் உட்காரவைத்து முருகேஸ்வரி ரெட்டைச் சடை போடுவாள். இடுப்பு வரை முடி. "இறுக்காதம்மா" என்று பிள்ளை கத்தும். "ஆடாம இருடி" என்று அவள் சீப்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். காலையில் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

போன வருஷம் தை மாசம் பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. சுட்ட பூண்டு கொடுத்தாள், நாலு நாளில் போய்விட்டது. பங்குனியில் மறுபடி வந்தது, மறுபடி பூண்டு, மறுபடி போய்விட்டது. ஆனி மாசக் கடைசியில் மூன்றாவது தடவை வந்தபோது பிள்ளை வாயே திறக்கவில்லை. கரிந்த பூண்டைத் தின்னப் பயந்து வலியை மறைத்துவிட்டது. அது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையில் ரெண்டு சோளம் தின்று, பல்லில் ஒட்டியதை எனக்குக் காட்டிச் சிரித்த பிள்ளை, திங்கட்கிழமை காலையில் வேறு பிள்ளையாக வந்து நின்றது. சும்மா சொல்லவில்லை, ஒரே ராத்திரியில் அப்படி ஆகிவிட்டது. கண்ணை மூடி மூடித் திறந்தது. கழுத்து ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. முருகேஸ்வரி சீப்போடு கிட்டே போனதும் அலறிக்கொண்டு பின்னால் ஓடியது.

"தொடாத! உன் கை நாறுது! தொட்டா நான் செத்துப் போயிருவேன்!"

அன்றிலிருந்து அப்படித்தான். அந்தக் குளிரில் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே இருக்கும். புறங்கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டுகளை அழகுமலை ஒன்று விடாமல் இறக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டான். முருகேஸ்வரி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். பிள்ளை அப்போதும் கிட்டே விடவில்லை. தட்டைத் தொட்டால் சோறு வேண்டாம், பாயைத் தொட்டால் தூக்கம் வேண்டாம்.

இங்கேதான் என் வாய் வருகிறது. "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இது ஒரு வழி. ரெண்டு போடு போடு, சரியாப் போகும்" என்றேன். நான்தான் சொன்னேன். பெரிய வைத்தியச்சி மாதிரி சொன்னேன். அவளும் ஆத்திரத்தில் ஓங்கி முதுகில் ஒன்று வைத்துவிட்டாள். பிள்ளை அழவில்லை. நேரே குழாய்க்குப் போய், அடி விழுந்த இடத்துக்குக் கை எட்டாமல், சட்டையோடு முதுகைத் திருப்பித் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றது. நாசமாய்ப் போன என் நாக்கை அன்றைக்கு அறுத்து எறிந்திருக்கலாம்.

கோயிலில் கயிறு கட்டினார்கள், அதைப் பிய்த்துப் போட்டது. முடி சீப்பே படாமல் சிக்குப் பிடித்துப் போனதால் கடைசியில் அழகுமலை கத்தரிக்கோலை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டான். கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளும்போது முருகேஸ்வரி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

அப்புறம் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் நோட்டைக் காட்டினார். முத்து முத்தாக எழுதுகிற பிள்ளையின் எழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கொடைக்கானலில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி தொண்டை வலி அடிக்கடி வந்துச்சா?" என்றாராம்.

தொண்டையில் சளியைத் தடவி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தொண்டைக்கு வருகிற ஒரு கிருமி. சில பிள்ளைகளுக்கு, உடம்பு அந்தக் கிருமியை அடிக்கிற அடி தப்பிப்போய் மூளையிலும் விழுந்துவிடுகிறதாம். இந்தப் பயமும் கழுத்து வெட்டும் அதனால்தான் வருமாம். டாக்டர்களுக்குள்ளேயே இதில் இன்னும் பேச்சு இருக்கிறது, ஆனாலும் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று சொன்னாராம்.

"நான் பூண்டு குடுத்ததாலயா டாக்டர்?"

"பூண்டால ஒண்ணும் வரலம்மா. வலி தன்னால அடங்கிருக்கு. நீங்க பூண்டுக்குக் கேட்டுச்சுன்னு நெனச்சுட்டீங்க. கிருமி போகல."

இதை என்னிடம் வந்து சொன்னவள், பூண்டுக் குவியலுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஜோதிக்கா, ரெண்டு தடவையும் எம்புள்ளைக்குச் சரியாப் போச்சுன்னு சொல்லிச் சொல்லித்தானே நான் யாவாரம் பண்ணுனேன்" என்றாள். ஒரு சோளத்தை உரித்து அவள் கையில் கொடுத்தேன், அவள் தின்னவில்லை.

மாத்திரையில் பிள்ளை தேறியது. கழுத்து வெட்டு நின்றது, கை ஆறியது. ஆனால் ஐப்பசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை தொண்டை வலித்தது. ரெண்டு தடவையும் மறுநாளே அந்தப் பயம் திரும்பி வந்து, வாரக்கணக்கில் அம்மாவைக் கிட்டே விடவில்லை. நடுவில் நல்லாயிருக்கிற நாட்களில்கூடத் தலையை மட்டும் தொடவிடாது. முருகேஸ்வரி கேட்கவும் மாட்டாள். கல்லாப் பெட்டிக்குள் ரெண்டு சிவப்பு ரிப்பன் வாங்கி வைத்திருந்தாள், முடி வளர்ந்ததும் கட்டுவதற்கு. இப்போதெல்லாம் யாராவது "தொண்டைக்கு நல்லதாமே?" என்று கேட்டால், "ரசத்துக்கு நல்லாருக்கும்ங்க" என்று முடித்துக்கொள்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை. வேன் வர இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைக்கு முடி கழுத்து வரை வந்துவிட்டது. தானாக வந்து என் முக்காலியில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அம்மா, சடை போட்டு விடும்மா."

"இந்தா, கை கழுவிட்டு வாறேன் தங்கம்" என்று ஓடினாள். மூன்று தடவை சோப்புப் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். ரிப்பனையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்து முடியில் கை வைத்தாள்.

"என்ன என் ராசாத்திக்கு இன்னைக்கு ஆசை?"

"காலையில இருந்து தொண்டை வலிக்குதும்மா" என்றது பிள்ளை, ரோட்டைப் பார்த்தபடி. "நாளைக்கு நான் உன்னையத் தொட விடமாட்டேன்ல. அதான் இன்னைக்கே போட்டுக்கிறேன்."

சீப்பு அப்படியே நின்றது. "இந்தத் தடவ வெள்ளனே சொல்லிட்டல்ல, ஒம்பது மணி பஸ்ஸுக்கே டாக்டர்கிட்டப் போயிருவோம். ஒண்ணும் வராது" என்றாள் முருகேஸ்வரி. குரல் உடையாமல் சொல்லிவிட்டாள்.

"வந்தா அழாதம்மா."

வேன் வந்தது. பிள்ளை வரவில்லை என்று நான்தான் கையைக் காட்டி அனுப்பினேன். அவள் ரெண்டு குட்டிச் சடையும் போட்டு ரிப்பனைக் கட்டினாள். கட்டி முடித்தவள் பஸ் வரும் திசையை எட்டிப் பார்த்தாள். இன்னும் வரவில்லை. ரிப்பனை அவிழ்த்து, சடையைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.